சைலன்சரை மாற்றலாமா?

இரவு 11 மணி. ராஜபாளையத்தில் ஒரு தெரு. தொட்டிலில் கிடந்த குழந்தை அப்போதுதான் கண் மூடியது. தாய் மெல்ல எழுந்தாள். விளக்கை அணைக்கப் போனாள்.

"டமார்! டமார்!"

தெருவே அதிர்ந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. திண்ணையில் படுத்திருந்த கிழவர் திடுக்கிட்டு எழுந்தார்.

வெடிகுண்டா? இல்லை. கார்! பின்பக்கத்துக் குழாயை மாற்றிய பழைய கார்.

இது ஒரு தெருவின் கதை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதுதான். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பையன்கள் சைலன்சரைக் கழற்றி எறிகிறார்கள். கொஞ்சம் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் பழைய "டர்போ" கார் வாங்குகிறார்கள். வாங்கிய மறுவாரமே காரின் புகைக்குழாயை அறுக்கிறார்கள். பெரிய குழாயாகப் போடுகிறார்கள். "வேகம் கூடும்" என்கிறார்கள்.

வேகம் கூடுமா? கூடும் என்றால் எவ்வளவு கூடும்? அதற்கு ஊரார் கொடுக்கும் விலை என்ன?

புகைக்குழாயை மாற்றுவதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சில கார்களில் குழாயை மாற்றியே ஆகவேண்டும். மாற்றாவிட்டால் உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. எது அவசியம், எது வீம்பு என்று பிரித்துச் சொல்வார் இல்லை. அதனால்தான் போலீசார் பிடிப்பதும், பையன்கள் சந்துக்குள் ஓடுவதுமாக இருக்கிறது.

டர்போ என்றால் என்ன?

கொல்லன் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கரி தானாக எரிந்தால் மந்தமாக எரியும். துருத்தியால் காற்றை ஊதினால் தகதக என்று எரியும். மோட்டார் என்ஜினும் அப்படித்தான். காற்று அதிகம் போனால் பெட்ரோலை அதிகம் எரிக்கலாம். சக்தி அதிகம் கிடைக்கும்.

துருத்தியை ஊதுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே! காரில் அந்த ஆள் யார்?

புகைதான் அந்த ஆள்.

என்ஜினில் இருந்து வெளியே வரும் புகை மிகுந்த சூட்டோடும் வேகத்தோடும் வருகிறது. சாதாரணக் காரில் அது வீணாகப் போகிறது. டர்போ காரில் அந்தப் புகையின் வழியில் ஒரு சிறு காற்றாடியை வைத்திருக்கிறார்கள். புகை பட்டதும் அது சுழலுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. இது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. உள்ளங்கை அகலமே உள்ள இந்தக் காற்றாடி நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். வீட்டு மின்விசிறி முந்நூறு, நானூறு தடவை சுற்றுவதற்கே மூச்சு வாங்குகிறது!

இந்த யோசனைக்கு 1905-ம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கியவர் ஆல்பிரட் பூச்சி. சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர். முதலில் கப்பலுக்கும், ரெயில் என்ஜினுக்கும், விமானத்துக்கும், லாரிக்கும் இது பயன்பட்டது. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில், செவர்லே கம்பெனிகள் பெட்ரோல் காரில் வைத்து விற்றன. 1970-களில் பி.எம்.டபிள்யூ., போர்ஷே, சாப் ஆகிய ஐரோப்பியக் கம்பெனிகள் அதைப் பிரபலம் ஆக்கின.

இந்தியாவுக்கு அது மெதுவாகத்தான் வந்தது. 2004-ல் ஸ்கோடா கம்பெனி "ஆக்டேவியா ஆர்.எஸ்." என்ற காரை இங்கே விற்றது. 1.8 லிட்டர் என்ஜின். 150 குதிரைச் சக்தி. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். பிறகு பியட் கம்பெனியின் "லீனியா டி-ஜெட்" வந்தது. அதற்கு 114 குதிரைச் சக்தி. கல்லூரி மாணவர்கள் அன்று இந்தக் கார்களைப் படத்தில் பார்த்து ஏங்கினார்கள். இன்று அதே கார்கள் செகண்ட் ஹாண்டில் கிடைக்கின்றன. அன்று ஏங்கியவர்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். வாங்குகிறார்கள். அந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை.

பெரிய குழாயால் லாபம் உண்டா?

உண்மையைச் சொல்ல வேண்டும். டர்போ காரில் லாபம் உண்டு.

காற்றாடியைத் தள்ளிவிட்டுப் புகை வெளியேற வேண்டும். வெளியேறும் வழி குறுகலாக இருந்தால் புகை அங்கே திணறும். காற்றாடி சோம்பும். வழி அகலமானால் காற்றாடி சட்டென்று சுழலும். கால் வைத்ததும் கார் பாயும். ஆகவே டர்போ கார்க்காரர்கள் சொல்வது முழுப் பொய் அல்ல.

ஆனால் மோட்டார் சைக்கிள் பையன்கள் இதைக் கேட்டுக் குதிக்க வேண்டாம்! அவர்கள் வண்டியில் டர்போ கிடையாது. புகையும் காற்றும் அலைபோலப் போய்வரும் கணக்கைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் அந்தக் குழாயின் நீளத்தையும் அகலத்தையும் அமைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றினால் பல வண்டிகளில் மெதுவாகப் போகும்போது இழுவை குறைகிறது. சத்தம் மட்டும் கூடுகிறது. காது கேட்கும் சத்தத்தை மனம் வேகம் என்று நம்புகிறது. அவ்வளவுதான்.

டர்போ காரிலும் ஒரு பொறி இருக்கிறது. குழாயைப் பெரிதாக்கியதும் காற்றாடி அளவுக்கு மிஞ்சிச் சுழலலாம். என்ஜினுக்குள் காற்று அதிகமாகப் போகும். அதற்குத் தக்கபடி பெட்ரோல் போகாவிட்டால் உள்ளே சூடு ஏறும். பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்த என்ஜின்கள் உண்டு. குழாயை மாற்றினால் காரின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் கணக்கையும் திருத்த வேண்டும். அது தெரிந்த மெக்கானிக்குகள் மிகச் சிலரே. 15 வருஷம் ஓடிய காரில் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கும். முதலில் இவற்றைப் பார்க்க வேண்டும். கிழவருக்கு உடம்பைச் சோதிக்காமல் ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவார்களா?

குழாய் ஏன் இற்றுப்போகிறது?

இனி, அவசியமாக மாற்ற வேண்டிய இடத்துக்கு வரலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லையா? காலையில் கார் புறப்படும்போது பின்குழாயைப் பாருங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. குழாய் நன்றாகச் சூடானால் அது ஆவியாகப் போய்விடும். சூடாவதற்குள் காரை நிறுத்திவிட்டால் தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தங்கும். உள்ளிருந்து துரு அரிக்கும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் தூரம். ஊருக்குள் கடைத்தெரு வரை போய்த் திரும்பும் கார்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட கார்களின் சைலன்சர்தான் சீக்கிரம் இற்றுப்போகும். நீண்ட தூரம் ஓடும் வாடகைக் காரின் குழாய் அதிக நாள் உழைக்கும்.

துருப்பிடித்த குழாயில் ஊசித்துவாரம் விழுகிறது. டர்போவுக்குப் பக்கத்தில் உள்ள வார்ப்பு இரும்பு, சூட்டில் விரிந்து விரிந்து வெடிக்கிறது. அங்கே இருக்கும் போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போகும். அவசரப்பட்டு முறுக்கினால் முறியும். நல்ல மெக்கானிக் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைப்பார். பிறகுதான் ஸ்பானரைத் தொடுவார்.

வாசனை இல்லாத எமன்

வெடித்த குழாயில் இருந்து என்ன வருகிறது? கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. இதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. கண் எரியாது. இருமல் வராது. எமன் வருவது தெரியாது!

மனிதனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து போகிறது. கார்பன் மோனாக்சைடு வந்தால், ரத்தம் ஆக்சிஜனை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கிறது. முதலில் தலைவலி. பிறகு மயக்கம். "பிள்ளை பயண அலுப்பில் தூங்குகிறான்" என்று பெற்றோர் நினைப்பார்கள். பின் சீட்டில் படுத்திருக்கும் குழந்தையைத்தான் இது சீக்கிரம் தாக்கும். ஏ.சி.யைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிறுத்திய காரில் தூங்கியவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்திகள் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே இற்றுப்போன குழாயை மாற்றுவது ஆடம்பரம் அல்ல. அவசியம். அந்தச் செலவுக்கு வீட்டில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. துருப்பிடிக்காத எவர்சில்வர் வகைக் குழாயாகப் போட்டால் விலை கூடுதல்தான். நீண்ட காலம் உழைக்கும். ஆனால் கம்பெனி வைத்த இடத்தில், கம்பெனி வைத்த அடக்கத்தோடு அது இருக்க வேண்டும். இணைப்புகள் கசியக் கூடாது. ரப்பர் வளையங்களும் புதிதாக இருக்க வேண்டும். சூடு தடுக்கும் தகடுகளைக் கழற்றி மூலையில் எறிந்துவிடுகிறார்கள். பெட்ரோல் குழாய் பக்கத்திலேயே போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். டர்போவுக்கும் சைலன்சருக்கும் நடுவில் தேன்கூடு போல ஒரு டப்பா இருக்கும். "கேட்டலிடிக் கன்வெர்ட்டர்" என்று பெயர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் அதில் மெல்லப் பூசப்பட்டிருக்கின்றன. விஷப் புகை அதன் வழியாகப் போகும்போது பெரும் பகுதி விஷம் முறிகிறது. 1995 ஏப்ரல் முதல் சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம் ஆக்கப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் இதைப் பாழாக்கிவிடும். அதனால் ஈயம் இல்லாத பெட்ரோலும் அப்போதே வந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது.

இத்தனை பாடுபட்டு வைத்த டப்பாவை, "புகையைத் தடுக்கிறது" என்று சொல்லி அறுத்து எடுக்கிறார்கள்! அறுத்ததை விலைக்கு வாங்க ஆள் தயாராக இருக்கிறது. உலோகத்துக்குக் கிராக்கி! வேகம் கூட்டுகிறேன் என்று காருக்குள் புகுந்தவர் கன்வெர்ட்டரோடு வெளியே போகிறார். கார்க்காரர் அதற்கும் கூலி கொடுக்கிறார். இதைவிட நல்ல வியாபாரம் உண்டா?

பகலில் தூங்குகிறவர்கள்

சத்தத்துக்கு அளவு உண்டு. அதை "டெசிபல்" என்று கணக்கிடுகிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது என்று 2000-ம் ஆண்டில் மத்திய அரசு விதி செய்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை இன்னும் குறைவு. பகலில் 50, இரவில் 40. கம்பெனியில் இருந்து வெளிவரும் புது வண்டிகளுக்கும் சோதனை உண்டு. 80 முதல் 175 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு 77 டெசிபல்தான் எல்லை.

77-க்கும் 97-க்கும் வித்தியாசம் இருபதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. இந்தக் கணக்கே வேறு. பத்து டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. இருபது கூடினால் நூறு மடங்கு!

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். 1930-களில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதில் இருந்து ஊரே நூல் நூற்கத் தொடங்கியது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஓடுகின்றன. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பேண்டேஜ் துணி அங்கே நெய்யப்படுகிறது. தறிச் சத்தத்தில் நாள் முழுதும் நிற்கும் தொழிலாளியின் காது ஏற்கெனவே அடி வாங்குகிறது. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலைத் தாண்டினால் காதுக்குக் கெடுதல் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு.

மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர் எப்போது தூங்குவார்? பகலில்தான். காலையில் ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். வாயில் ஏதோ போட்டுக்கொண்டு படுக்கிறார். மனைவி பிள்ளைகளை "உஸ்" என்று அடக்குகிறாள். ரேடியோவைக் கூட நிறுத்திவிடுகிறாள். பத்து மணிக்கு ஒரு கார் "டமார்" என்று தெருவில் போகிறது. அவர் எழுந்துவிடுகிறார். மறுபடி தூக்கம் வராது. அன்று இரவு அதே மனிதர் சுழலும் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். கண் ஒரு நொடி சொக்கினால் விரல் போகும். கார்க்காரருக்கு அவர் யார் என்றே தெரியாது.

ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பது உண்டு. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது. அந்த நாய்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை!

ஸ்ரீவில்லிபுத்தூர் கதை வேறு. ஆண்டாள் கோவிலின் 192 அடி உயரக் கோபுரத்தைச் சுற்றி இருப்பவை பழங்காலத் தெருக்கள். சத்தம் வெளியே போக இடம் இல்லை. சுவரில் மோதித் திரும்பி வருகிறது. கோவிலுக்கு வந்த வயதானவர்கள் நடக்கிறார்கள். பால்கோவா வாங்கக் கூட்டம் நிற்கிறது. ஆடிப்பூரம் வந்தால் நிற்கவே இடம் இருக்காது. மேற்கே மலை அடிவாரத்துக்குப் போனால் சாம்பல் நிற மலை அணில்களுக்காக 1988-ல் ஏற்பட்ட சரணாலயம் இருக்கிறது. 2021-ல் அது மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கப்பட்டது. மலைக்குப் போகும் பாதை பந்தய மைதானம் அல்ல.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

சட்டத்தில் குறை இல்லை. ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் சத்தத்தை அடக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 120 சொல்கிறது. கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை மனம்போல் மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் தடவையே மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு லைசென்சும் போய்விடும். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில். இதிலும் இரண்டையும் சேர்த்து விதிக்க இடம் உண்டு.

15 வருஷம் ஆன சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அறுத்த குழாயோடு போனால் என்ன ஆகும்? முந்தின நாள் இரவு பழைய சைலன்சரைத் தேடி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கும்.

ஆனால், ஒரு கேள்விக்கு இதுவரை சரியான பதில் இல்லை.

சில நகரங்களில் போலீசார் சைலன்சர்களைப் பறிமுதல் செய்து, வரிசையாக ரோட்டில் அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். படம் பத்திரிகையில் வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். நசுங்கிய குழாயை விற்றவர் யார்? அவர் கடை மறுநாளும் திறந்திருக்கிறதே! சுவரில் பளபளவென்று தொங்குகிறதே! வாங்கி மாட்டிய பையன் அபராதம் கட்டுகிறான். அவன் தந்தை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார். விற்றவர் அடுத்த பையனுக்காகக் காத்திருக்கிறார். பையனைப் பிடிக்கும் கை கடையையும் எட்ட வேண்டும். ரோட்டில் ஓட்டக் கூடாத பொருளை ரோட்டோரக் கடையில் விற்க விடுவது என்ன நியாயம்?

வேகத்தில் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தய மைதானம் இருக்கிறது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் "கரி மோட்டார் ஸ்பீட்வே" இருக்கிறது. பந்தயக் கார்களைத் தம் கையாலேயே உருவாக்கிய கோவை கரிவரதனின் பெயர் அது. அவர் காரை அறுத்தார், ஒட்டினார், மாற்றினார். எல்லாம் பந்தய மைதானத்துக்காக. கடைத்தெருவில் ஓட்டிக் காட்டுவதற்காக அல்ல. தென்கோடி மாவட்டங்களுக்கு இப்படி ஒரு மைதானம் இல்லை என்பது குறைதான். பணக்காரர் விளையாட்டு என்று அதை ஒதுக்கிவிடாமல், மதுரைப் பக்கத்தில் ஒன்று அமைப்பதைப் பற்றி அரசு யோசிக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையன் பழைய டர்போ கார் வாங்கி, பணம் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தமாக "முடியாது" என்று சொன்னால் அவன் வேறு இடத்தில் கடன் வாங்கிக் குழாயை அறுப்பான். அவனோடு பட்டறைக்குப் போக வேண்டும். காரை மேலே தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். குழாய் இற்றிருந்தால் பணம் கொடுக்க வேண்டும். கன்வெர்ட்டரை எடுக்கக் கூடாது, சைலன்சரை எடுக்கக் கூடாது என்று மெக்கானிக்கிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வர வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவு இல்லை. காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, காரைத் திறந்த வெளியில் நிறுத்த வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒருவர் ஈரத் துணியைப் பல மடிப்பாக மடித்துப் பின்குழாய் வாயில் இரண்டொரு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முன்பக்கத்தில் இருந்து பின்பக்கம் வரை காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். குழாய் சூடாவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். "உஸ்" என்று சீறும் சத்தம் எங்கேயாவது கேட்டால், அங்கே கசிவு இருக்கிறது. மெக்கானிக்குக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுக்காமல், காரைத் திரும்பப் பட்டறைக்கு விடலாம்.